பெயர் சொல்லாமல் செய்த ஜெபம்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு ஸ்தோத்திரம் அக்கா என்று பெயர். கீழே விழுந்த திருகாணி கைக்குக் கிடைத்தால் ஸ்தோத்திரம். மெஷினில் போட்ட லென்ஸ் உடையாமல் வெளியே வந்தால் ஸ்தோத்திரம். உடைந்து வந்தாலும் ஸ்தோத்திரம்தான், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு. லென்ஸைத் தேய்த்து அளவாக்கி ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை வலிக்கும். அவள் பொருத்திய கண்ணாடியை யாரும் தலைவலி என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. முதலாளிக்குக் கடவுள் பக்தியெல்லாம் கிடையாது. ஆனாலும், "நீங்க ஸ்தோத்திரம் சொன்னாத்தான் வேலை முடிஞ்சதுன்னு நான் பில்லே போடறேன்" என்பார்.

ஜெபத்தைப் போனில் பேசி அனுப்பும் பழக்கம் நல்ல விதமாகத்தான் தொடங்கியது. சபையில் ஒரு அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஆராதனைக்கு வர முடியவில்லை என்று அழுதார். ஸ்தோத்திரம் அக்கா காலையில் கடை திறப்பதற்கு முன்பே வந்து, பின்னறையில் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அவருக்காக ஒரு ஜெபத்தைப் போனில் பேசி அனுப்புவாள். அந்தப் பக்கத்திலிருந்து "ஆமென்" என்று ஒரு சொல் வரும். அதோடு சரி. அவளும் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்த அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் ஜெபம் நிற்கவில்லை. பெண்கள் குழுவில் போடச் சொன்னார்கள், போட்டாள். ஜெபக்குறிப்புகள் வந்து குவிந்தன. மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, மாமியாருக்கு மனமாற்றம், மாமியார் அனுப்பினால் மருமகளுக்கு மனமாற்றம். யாருக்கு என்ன குறை என்பது சபையில் அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பெயரைச் சொல்லி, குறையைச் சொல்லி, உருக்கமாக ஜெபிப்பாள். எங்கள் மத்தியில் அதுதான் வழக்கம். ஜெபக்குறிப்பு என்று ஒரு சொல்லை முன்னால் போட்டுவிட்டால் எந்த வீட்டுச் சங்கதியையும் எந்த வீட்டிலும் பேசலாம். புறம் பேசினாள் என்று யாரும் விரலை நீட்டிவிட முடியாது.

பிறகு மகள் உள்ளே நுழைந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், போன் விஷயத்தில் அந்த வீட்டின் நீதிபதி.

"உங்க குரல் எப்படி இருக்கு தெரியுமாம்மா? இதைப் போய் நாலு பேர் கேக்கற குரூப்ல பூட்டி வச்சிருக்கீங்க. எல்லாரும் கேக்கற மாதிரி ஒரு சேனல் ஆரம்பிச்சுத் தரேன்."

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்?"

"உங்களுக்கா? இது ஊழியம்மா."

அந்த ஒரு சொல்லில் அவள் விழுந்துவிட்டாள். விளம்பரம் என்றிருந்தால் சிரித்திருப்பாள், புகழ் என்றிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். ஊழியம் என்ற பிறகு எப்படி மறுப்பது?

மகள் ஜெபத்துக்குப் பின்னால் மெல்லிய கீபோர்டு இசை சேர்த்தாள். இருமலை வெட்டினாள். ஒரு நாள் போனைக் கொண்டுவந்து ஒரு கோட்டைக் காட்டினாள். கேட்கிறவர்கள் எந்த இடத்தில் கழன்று ஓடுகிறார்கள் என்று அந்தக் கோடு சொல்லுமாம்.

"இங்க பாருங்க. நீங்க 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்'னு ஆரம்பிக்கறப்பவே பாதிப் பேர் போயிடறாங்க. எடுத்த எடுப்புலயே மனசைத் தொடற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

"ஆண்டவரை ஸ்தோத்தரிக்காம எப்படிடி ஜெபத்தை ஆரம்பிக்கறது?"

"கடைசியில ஸ்தோத்தரிங்க. அவர் எங்கயும் போயிட மாட்டார். ஆளுங்கதான் போயிடுவாங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் நெஞ்சில் எங்கோ சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் ஸ்தோத்திரம் கடைசிக்குப் போய்விட்டது.

கோடு நேரானது. சிவப்பு இதயங்கள் வந்தன. "அக்கா, கண்ணீரை அடக்க முடியல" என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். எதைச் சொன்னால் அழுகிறார்கள் என்பது அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. நன்றி சொல்லும் ஜெபத்தை யாரும் சட்டை செய்வதில்லை. வீட்டை விட்டுப் போன மகன், மருத்துவமனை வராந்தா, சாப்பிடாமல் காத்திருக்கும் தாய், இவையெல்லாம் எடுபட்டன. ஒரு லென்ஸுக்கும் அடுத்த லென்ஸுக்கும் நடுவில் போனை எடுத்துப் பார்ப்பாள். ஒரு முறை பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எடுப்பாள். "இன்னைக்கு யாரை அழ வச்சீங்க?" என்று முதலாளி கேலி செய்வார். அந்த வாரம் ஒருவர் புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். போட்டால் தலை சுற்றுகிறது என்றார். லென்ஸைத் திருப்பி வைத்துப் பொருத்தியிருந்தாள். முதலாளி தானே அவரிடம் மன்னிப்புக் கேட்டு உட்கார வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டீச்சர் கடைக்கு வந்தது அந்த நாட்களில்தான். டீச்சர் அவளுடைய நாத்தனார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். சொந்த அண்ணனே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். கண்ணாடி தளர்ந்துவிட்டது, திருகித் தர வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். கண்ணாடியில் தளர்ச்சி எதுவும் இல்லை. ஸ்தோத்திரம் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன டீச்சர், கண்ணாடி நல்லாத்தானே இருக்கு?"

டீச்சர் கதவைப் பார்த்தாள். "அண்ணி, ஒண்ணு சொல்லணும். அண்ணனுக்குக்கூடத் தெரியக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு ஜெபமே வரல அண்ணி. ரொம்ப நாளாச்சு. யார்கிட்ட பேசறேன்னே தெரியல. பிள்ளைங்களைக் கண்ணை மூடச் சொல்லிட்டு நான் திறந்துக்கிட்டு நிக்கறேன். யாரு ஷூ லேஸ் அவுந்திருக்குன்னு பாத்துக்கிட்டு நிக்கறேன். ஆமென் சொன்னதும் குனிஞ்சு கட்டி விடறேன். அந்த நேரத்துல என்னால பொய் இல்லாம செய்ய முடியறது அது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். ஸ்தோத்திரம் அக்கா அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. அது பொய்யான கண்ணீர் இல்லை.

"நான் ஜெபிக்கறேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றாள்.

இரண்டாவது வாக்கை மறுநாள் காலையிலேயே காற்றில் விட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை என்று நானும் அவளுக்காகச் சொல்லிப் பார்க்கிறேன். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்தாள்; ஆனால் உள்ளே போன் இருந்தது. பயணம் செய்கிறவர்களுக்காக ஜெபிப்பதாக நினைத்துத்தான் ஆரம்பித்தாள். பாதியில், உள்ளே வறண்டு போன ஒரு சகோதரிக்காக என்று ஜெபம் திரும்பியது, அப்போது அந்த ஷூ லேஸ் நினைவுக்கு வந்தது. வாய் அதைப் பிடித்துக்கொண்டது. "பிள்ளைகள் கண்மூடி உம்மைத் தேடும்போது, அவிழ்ந்து கிடக்கும் ஷூ லேஸ்களைப் பார்த்துக்கொண்டு தனியே நிற்கிற என் சகோதரியைப் பாரும் ஆண்டவரே" என்றாள். குரல் தழுதழுத்தது. பேசி முடித்துத் திரும்பக் கேட்டபோது தன் குரலுக்குத் தானே அழுதாள். அழித்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். பெயரைச் சொல்லவில்லையே என்று மகளுக்கு அனுப்பிவிட்டாள்.

அந்த ஜெபம் எங்கெங்கோ போனது. இதுவரை போட்ட எல்லா ஜெபங்களையும் கேட்டவர்களைக் கூட்டினாலும் அந்த ஒன்றைக் கேட்டவர்கள் அதிகம். "நானும் அந்தச் சகோதரி மாதிரிதான்" என்றும், "அவருக்காகக் குடும்பமாக முழங்காலில் நிற்கிறோம்" என்றும் எழுதியிருந்தார்கள். அவள் தலைகால் புரியாமல் இருந்தாள். நம் டீச்சருக்காக இத்தனை பேர் ஜெபித்தால் நல்லதுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொள்ள வேண்டியிருந்ததே, அதிலேயே சாயம் வெளுத்துவிட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் பாஸ்டரம்மா போனில் வந்தார். நல்ல மனுஷி, குரலில் எப்போதும் ஒரு கொண்டாட்டம்.

"உங்க ஜெபத்தைக் கேட்டு நானும் பாஸ்டரும் அப்படியே உக்காந்துட்டோம். சனிக்கிழமை பெண்கள் கூட்டத்துல பெரிய ஸ்பீக்கர்ல போடப் போறோம்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கும்மா?"

"நீங்க சும்மா இருங்க. நம்ம டீச்சர் ஆரம்ப ஜெபம் பண்றாங்க. அது முடிஞ்சதும் உங்க ஜெபம்தான். பொருத்தமா இருக்கும்."

கையிலிருந்த லென்ஸைத் தேடினாள்; அது கையிலேயேதான் இருந்தது. அவள் கண் முன்னே அந்த அரங்கம் வந்து நின்றது. டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். தலைக்கு மேலே ஸ்பீக்கர். அண்ணியின் குரல் அவளுடைய ரகசியத்தை அவளுக்கே இசையோடு வாசிக்கும், சுற்றிலும் பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். டீச்சர் எழுந்து வெளியே போவாள். போனால் திரும்பி வர மாட்டாள். சபைக்கும் வர மாட்டாள், அந்தப் பேச்சுக்கே வர மாட்டாள். ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறவளின் நூலை நாமே அறுத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

வீட்டுக்கு ஓடி மகளிடம் அதை உடனே எடுத்துவிடச் சொன்னாள். மகள் விழித்தாள்.

"எதுக்கும்மா? இப்பத்தான் நல்லாப் போயிட்டிருக்கு."

"எடுன்னா எடு!"

"போட்டதை எடுத்துடலாம்மா. போனதை எடுக்க முடியாது. எத்தனை பேர் இறக்கி வச்சிருக்காங்களோ."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்தாள். பாஸ்டரம்மாவிடம் ஏற்கெனவே ஒரு பிரதி இருந்தது. அவரைக் கூப்பிட்டு, அன்றைக்குத் தொண்டை கரகரப்பு, கேட்க நன்றாக இருக்காது, போட வேண்டாம் என்று மென்று முழுங்கினாள். "எவ்வளவு தாழ்மை பாருங்க!" என்று சொல்லிப் பாஸ்டரம்மா போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏதோ சாக்கு வைத்து டீச்சருக்குப் போன் செய்தாள். "சரி அண்ணி" என்று மட்டும் சொல்லி டீச்சர் வைத்துவிட்டாள். அந்தச் "சரி"யைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உழன்றாள். தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் கத்தியிருப்பாளே? டீச்சர் என்றைக்குக் கத்தியிருக்கிறாள்? கணவன் சாப்பிட உட்கார்ந்து, "டீச்சர் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்காளே, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றபோது கரண்டி கை தவறித் தட்டில் விழுந்தது. தெரியாது என்றாள். ஊருக்கெல்லாம் தெரிந்ததை அவனுக்கு மட்டும் மறைத்தாள்.

கடைசியில் கட்டிலோரம் முழங்கால் போட்டாள். இதை ஆண்டவரிடமே விட்டுவிடலாம் என்று கண்ணை மூடி வாயைத் திறந்தாள். "அன்பானவர்களே" என்று வந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி முயன்றாள். குரல் தானாகவே இறங்கி, இழுத்து, தழுதழுக்க ஆயத்தமானது. யாருமில்லாத அறையில் யாருக்கோ கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தாள். ஜெபம் வரவில்லை என்று டீச்சர் அழுதாள். இவளுக்கோ ஜெபம் கொட்டியது, அதில் ஒரு சொல்கூட மேலே பார்த்துச் சொன்னதில்லை. இரண்டு பேரில் யார் தொலைந்துபோனது என்று நினைத்தபோது பயம் பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்குப் பயந்ததெல்லாம் இந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை காலை கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துப் பார்த்தாள். கோக்கக் கோக்க அதுவும் சேனலில் பேசுகிற மாதிரியே ஆகிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டாள்.

டீச்சர் கூட்டத்துக்கான துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்றாள், நிமிராமல்.

"டீச்சர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும்."

ஸ்தோத்திரம் அக்கா சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"என் வகுப்புப் பிள்ளையோட அம்மா ஒருத்தங்க அனுப்பினாங்க. 'டீச்சர், ரொம்ப ஆறுதலா இருக்கு, கேளுங்க'ன்னு. அது நான்தான்னு அவங்களுக்குத் தெரியாது." டீச்சர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கேட்டேன். முதல்ல நீங்கன்னே தோணல அண்ணி, இசை எல்லாம் இருந்துச்சில்ல. உள்ள வறண்டு போன ஒரு சகோதரின்னு வந்துச்சு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? என்னை மாதிரியே இன்னொருத்தி இருக்கா. எங்கயோ இருக்கா. நான் மட்டும் இல்ல. அப்படின்னு நினைச்சு அழுதேன். ரொம்ப நாளைக்கப்புறம் கொஞ்சம் லேசா இருந்துச்சு." அவள் துணியின் மடிப்பை விரலால் நீவினாள். "அப்புறம் ஷூ லேஸ் வந்துச்சு."

ஸ்தோத்திரம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேற யாரும் இல்ல. நான்தான். கொஞ்ச நேரம் எனக்கு ஒரு துணை இருந்தா அண்ணி. நீங்களே கொடுத்து நீங்களே எடுத்துட்டீங்க."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தாள். அது எவ்வளவு சின்னச் சொல் என்று தெரிந்து நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பையில் போன் அடித்தது. பாஸ்டரம்மா. எடுக்காமல் விடலாமா என்று டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தாள்.

"ஸ்பீக்கர் வந்தாச்சு! சீக்கிரம் வந்துடுங்க."

"அம்மா, அந்த ஜெபத்தைப் போடாதீங்க."

"இன்னும் தொண்டை கதையா?"

"தொண்டை பொய்ம்மா. ஒருத்தங்க என்னை நம்பி அழுதுக்கிட்டே சொன்னதை நான் எடுத்து ஊருக்கெல்லாம் போட்டுட்டேன். அவங்களைக் கேக்கல. பேர் சொல்லலங்கற தைரியத்துல போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் கொண்டாட்டம் அடங்கிவிட்டது. "ஐயோ" என்றார் பாஸ்டரம்மா. உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரும்மா அது? நம்ம சபையா? பேரைச் சொன்னீங்கன்னா நானும் பாரத்தோட ஜெபிப்பேன்ல?" என்றார்.

இத்தனை வருடம் கேட்டவுடன் பெயரை எடுத்துக் கொடுத்துப் பழகிய நாக்கு. அது அசைந்ததுகூட அவளுக்குத் தெரிந்தது. டீச்சரின் கை இஸ்திரிப் பெட்டியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது.

"சொல்ல மாட்டேன்மா."

"என்கிட்டகூடவா?"

"உங்ககிட்டகூடத்தான். ஜெபத்துக்குக்கூட அந்தப் பேர் வேண்டாம்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பாஸ்டரம்மா மனத்தாங்கல் கொண்டிருப்பார். இனி குழுவில் அவளைப் பற்றி ஒரு ஜெபக்குறிப்பு சுற்றினாலும் சுற்றும். அது அவளுக்கு உறைக்கவே இல்லை. டீச்சர் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அந்த ஜெபத்தைத் தவிர எனக்காக வேற எப்பவாவது ஜெபிச்சீங்களா? போன் இல்லாம?"

ஸ்தோத்திரம் அக்கா தேடினாள். சமையல் செய்த நேரத்தில், பஸ்ஸில், படுக்கப் போகும் முன்பு, எங்கேயாவது ஒரு வரி இருக்கும் என்று தேடினாள். டீச்சரைப் பற்றி நினைத்திருக்கிறாள், பேசியிருக்கிறாள், அவளுக்காகப் பயந்தும் இருக்கிறாள். ஜெபிக்கவில்லை. கூட்டத்தை நினைத்து முழங்கால் போட்ட அன்றைக்குக்கூடத் தன்னைக் காப்பாற்றச் சொல்லத்தான் போட்டாள். எத்தனையோ ஊர்க்காரர்கள் அந்தச் சகோதரிக்காகக் குடும்பமாக முழங்காலில் நின்றிருக்கிறார்கள். அண்ணி நிற்கவில்லை.

"இல்ல" என்றாள்.

டீச்சர் தலையை ஆட்டினாள். அழவில்லை, கோபிக்கவில்லை. ஆரம்ப ஜெபத்துக்குத் தன்னால் வர முடியாது என்பதைப் பாஸ்டரம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். அரை இஸ்திரியில் கிடந்த துணியை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அப்ப இப்பப் பண்ணுங்க" என்றாள்.

"இப்பவா?"

"எனக்கு வரலன்னுதானே உங்ககிட்ட வந்தேன்."

ஸ்தோத்திரம் அக்கா அந்த இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள். கண்ணை மூடித் தொண்டையைச் செருமினாள். டீச்சரின் கை அவள் தோளில் விழுந்தது.

"சத்தம் வேண்டாம் அண்ணி. எனக்குக் கேக்கக் கூடாது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். வெகு நேரம் அப்படியே இருந்தாள். கீழே தெருவில் வண்டிகள் போயின, கூட்டம் தொடங்கும் நேரமும் கடந்து போனது, முழங்கால் மரத்துப் போனது. அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்வதாக இல்லை.